இமானோல் சொன்ன மலை

"வாயத் தொடை," என்றாள் கார்மேலே. "ஒரு மனுஷனக் காணோம்னு வந்திருக்கோம். நீ தாலோ தின்னுட்டு நிக்கற."

"ரெண்டாவதுதான் பாஸ். முதல்ல தின்னது ருசி பாக்கறதுக்கு." பெயோ சோள ரொட்டியின் கடைசித் துண்டை, உள்ளே சுற்றியிருந்த கொத்திறைச்சியோடு சேர்த்து வாய்க்குள் தள்ளினான். "பசியா இருந்தா என் மூளை வேலை செய்யாது."

"தின்ன பிறகு செஞ்சும் நான் பாத்ததில்ல."

இபர்லூசே ஊரின் புதன்கிழமைச் சந்தை அப்போதுதான் மணியடித்துத் தொடங்கியிருந்தது. அதற்குள் கூரைக்குக் கீழே நடக்க இடமில்லை. வெளியே, பெய்கிறதா இல்லையா என்று கை நீட்டிப் பார்த்தால்தான் தெரிகிற தூறல். உள்ளே ஈரக் குடைகள், லீக்ஸ் வெங்காயத்தாள் கட்டுகள், புகை வாடையடிக்கும் சீஸ் உருண்டைகள், விலை கேட்கும் குரல்கள். இவ்வளவு நெரிசலிலும் ஆற்றோரத் தூணுக்கு அடியில் ஒரு மேசை மட்டும் காலியாகக் கிடந்தது. இடப்பக்கத்து அவரைக்காரரும் வலப்பக்கத்து முட்டைக்காரியும் தங்கள் பொருளை ஒரு விரற்கடைகூட அதன் மேல் நகர்த்தவில்லை.

அது இமானோலின் மேசை.

நேற்று விடியும்போது இமானோல் இன்றைய சந்தைக்குக் காளான் பறிக்க மலையேறினார். திரும்பவில்லை. இரவெல்லாம் மழை. இன்று இருட்டியதும் மேல் சரிவுகளில் உறைபனி விழும் என்று வானொலி சொல்லிவிட்டது. அவருடைய இதய மாத்திரைகள் வீட்டுச் சமையலறையிலேயே கிடந்தன. மாத்திரைக்குப் பக்கத்திலேயே அவருடைய செல்போனும் கிடந்தது. அது மறதி இல்லை. காளான் பறிக்கப் போகிற யாரும் இந்தப் பக்கத்தில் செல்போன் எடுத்துப் போக மாட்டார்கள். போன இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"இன்னொரு ராத்திரி அவரால தாங்க முடியாது மேடம்," என்றாள் லெய்ரே. இமானோலின் ஒரே மகள். டவுன் பஸ் ஓட்டுபவள். நேற்றிலிருந்து தூங்காத கண்கள். விடிவதற்கு முன் தொனோஸ்தியா நகரத்துக்குப் போன் செய்து, தனியார் துப்பறிவாளர் கார்மேலேயை எழுப்பியவள் அவள்தான். ஐம்பதைத் தாண்டிய கார்மேலேக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. பேசும்போதும் நடந்துகொண்டே இருப்பாள். அவளுடைய உதவியாளன் பெயோவுக்கு நடக்கும்போதும் பேசாமல் இருக்கத் தெரியாது.

"அவர் வழக்கமா எங்க பறிப்பாரு?" என்றாள் கார்மேலே.

லெய்ரே அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அது தெரிஞ்சா நான் உங்கள ஏன் கூப்பிடறேன்?"

இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். வசந்தக் காளான் என்று நாம் பறிப்பது பழம் மாதிரி. மரம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. வெள்ளை நூலாகப் பின்னிப் படர்ந்து, ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில், அதே புல்லில், அதே வளையத்தில் தலை நீட்டும். அந்த வளையத்தை ஒருமுறை கண்டுபிடித்தவனுக்கு ஆயுள் முழுக்க அது சொந்தம், இன்னொருவன் பார்க்காதவரை. அதனால் யாரும் யாருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. பெண்டாட்டிக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. கேட்டால் ஏதாவது ஒரு மலையின் பெயரைச் சொல்வார்கள். அந்த மலையில் காளான் கிடையாது என்பது கேட்டவனுக்கும் தெரியும். இதை இங்கே யாரும் பொய் என்று நினைப்பதில்லை. 'நல்லா இருக்கீங்களா' என்றால் 'நல்லா இருக்கேன்' என்று சொல்கிற மாதிரி ஒரு மரியாதை.

*

ஊரார் பந்தடித்து விளையாடும் உயரமான சுவரின் அடியில், மழை படாத ஓரத்தில், மீட்புத் தொண்டர்களின் தலைவர் சிகோர் மேசை போட்டு வரைபடத்தை விரித்திருந்தார். சிவப்புச் சட்டை, காதில் ஒரு பென்சில், கையில் ஒரு பென்சில்.

"கிழக்குச் சரிவு பாத்தாச்சு. ஓடைப் பள்ளம் பாத்தாச்சு. பீச் மரக்காடு பாதி முடிஞ்சுது." தேடிய இடங்களைக் கோடு போட்டு நிரப்பிக்கொண்டே பேசினார்.

"ஹெலிகாப்டர்?"

"இந்த மூடுபனியில எழும்பாது."

பெயோ வரைபடத்தில் ஒரு வெள்ளைத் திட்டின் மேல் விரல் வைத்தான். "இங்க என்ன, பென்சில் தீந்துபோச்சா?"

"அது அர்ரிகோரி. பழைய கல்குவாரி. அங்க தேட வேண்டியதில்ல."

"ஏன்?"

சிகோர் சங்கடத்தோடு லெய்ரேயைப் பார்த்தார். அவளே சொன்னாள். "யார் கேட்டாலும் அப்பா, 'அர்ரிகோரியிலதான் பறிக்கறேன்'னு சொல்வாரு. நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப கேட்டேன். எனக்கும் அதே பதில்தான். அத வேணாம்னு நான்தான் இவர்கிட்ட சொன்னேன்."

"அப்போ அங்க இல்ல," என்றார் சிகோர், ரெண்டும் ரெண்டும் நாலு என்கிற குரலில். "ஆளும் கம்மி, பொழுதும் கம்மி. இல்லவே இல்லன்னு நிச்சயமாத் தெரிஞ்ச இடத்த முதல்ல தள்ளிடணும்."

"நீங்களும் காளான் பறிக்கறது உண்டா?" என்றாள் கார்மேலே.

"உண்டு."

"எங்க?"

"லிசார்தி."

"லிசார்தியில கிடைக்குமா?"

"ஒண்ணுகூடக் கிடைக்காது," என்றார் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த தொண்டர். சிகோர் கோபப்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இன்னொரு கோடு போட்டார்.

*

சந்தையில் இன்று காளான் விற்பவர்கள் மூன்று பேர். கார்மேலே மூவரிடமும் போனாள். மூவரும் இமானோலோடு ஆண்டுக்கணக்காகப் போட்டி போட்டவர்கள். இப்போது மூவர் முகத்திலும் கவலை இருந்தது.

"தெரிஞ்சா சொல்ல மாட்டோமாம்மா?" என்றார் நரைத்த மீசைக்காரர். "உயிர் விஷயம். தெரியாது. போன வருஷம் நான் அவர் பின்னாலயே போனேன், ஒளிஞ்சு ஒளிஞ்சு. காலைலேருந்து மலை மலையா ஏத்தி இறக்கினாரு. கடைசியில எங்க கொண்டுபோய் விட்டாரு தெரியுமா? என் வீட்டு வாசல்ல. 'களைச்சுப் போயிருப்ப, போய்ப் படு'ன்னுட்டுப் போயிட்டாரு."

பெயோ சிரிக்கப் போனான். லெய்ரேயின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான்.

கார்மேலே தூணுக்கும் தூணுக்கும் நடந்தாள். கூரை விளிம்பில் நின்று மலை இருக்க வேண்டிய பக்கம் பார்த்தாள். சாம்பல் நிறம் தவிர எதுவும் இல்லை. திரும்பி வந்தாள்.

"உள்ளூர்க்காரங்களக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. அவங்ககிட்ட அவர் உண்மையச் சொல்லியிருக்க மாட்டாரு. ஆனா ஒரு ரகசியத்த அத்தன வருஷம் வாய்க்குள்ளயே வச்சிருந்தா நாக்கு அரிக்கும். எங்கயாவது ஒரு தடவை பெருமையடிச்சுக்கணும்னு தோணும். யார்கிட்ட சொன்னா ஆபத்தில்ல?"

"செத்தவங்ககிட்ட," என்றான் பெயோ.

"இல்லன்னா ஊர விட்டுப் போகப் போறவங்ககிட்ட. லெய்ரே, போன வாரச் சந்தையில அவர் வெளியூர்க்காரங்க யார்கூடவாவது பேசினாரா?"

லெய்ரே நெற்றியைத் தேய்த்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "ஒரு வெளிநாட்டுப் பொம்பள. மஞ்ச மழைக்கோட்டு. ஊர் சுத்திப் பாக்க வந்தவ. அப்பா அவகூட ரொம்ப நேரம் கையக் கைய ஆட்டிப் பேசிட்டு இருந்தாரு. சாப்பிடக் கூப்பிட்டேன், காதுலயே விழல."

"காளான் வாங்கினாளா?"

"ஒரு பை நிறைய."

"சரி. காளான் வாங்கினவ அடுத்து எங்க போவா?"

"முட்டைக்கு," என்றாள் லெய்ரே.

"பூண்டுக்கு," என்றான் பெயோ, அதே நொடியில்.

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள்.

"வசந்தக் காளான்ல பூண்டு போடுவியா நீ?" அப்பா காணாமல் போன துக்கத்தையும் மீறி லெய்ரேயின் குரல் உயர்ந்தது.

"எங்கம்மா போடுவாங்க."

"உங்கம்மா எந்த ஊரு?"

"முட்டை," என்று நடுவில் புகுந்தாள் கார்மேலே. "இமானோல் கையால வாங்கினவளுக்கு, எப்படிச் சமைக்கணும்னு இமானோல்தான் சொல்லியிருப்பாரு."

முட்டைக்காரி யோஷேபாவின் மேசை பக்கத்திலேயே இருந்தது. கழுத்து வரை பின்னல் சட்டை போட்ட கனத்த பெண்மணி. முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் யாருக்கும் கொடுப்பாள்.

"மஞ்சக் கோட்டா? தெரியாம என்ன! இப்பதானே போனா. போன வாரம் ஆறு வாங்கினா. இன்னைக்கு ஒரு டஜன். நல்ல மாதிரி. ஆனா பாவம், ஒரு பூனை வளக்கறா போல."

கார்மேலேயின் கால்கள் நின்றன. அவை நின்றதைப் பெயோ கவனித்தான். அபூர்வமாக நடப்பது.

"பூனையா?"

"கையெல்லாம் கீறல்மா. மணிக்கட்டுலேருந்து முழங்கை வரை. காசு நீட்டறப்ப பாத்தேன். 'பூனையா?'ன்னு கேட்டேன். அவளுக்குப் புரியல. சிரிச்சா."

கார்மேலே காளான்காரர்கள் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மஞ்சக் கோட்டு போட்ட வெளிநாட்டம்மா இன்னைக்கு உங்ககிட்ட யார்கிட்டயாவது காளான் வாங்கினாங்களா?"

மூன்று தலைகளும் இல்லை என்று ஆடின.

"பாத்தியா பெயோ? போன வாரத்தவிட ரெண்டு மடங்கு முட்டை. காளான் ஒண்ணுகூட வாங்கல."

"ஆம்லெட்டா இருக்கலாமே பாஸ்."

"ஆம்லெட் போடறவளுக்குக் கையில முள் கீறாது. இமானோல் இடத்தச் சொல்லியிருக்காரு. அவ போயிருக்கா. முள்ளுக்குள்ள புகுந்து பறிச்சிருக்கா. இப்ப அவ வீட்டுல காளான் இருக்கு. முட்டைதான் பாக்கி." கார்மேலே யோஷேபாவிடம் திரும்பினாள். "எந்தப் பக்கம் போனா?"

"கூட்டத்துல யாரும்மா பாத்தா?"

சந்தைக்கு மூன்று வாசல்கள். பெயோ மூன்றையும் பார்த்தான். "நாம மூணு பேரு. ஆளுக்கு ஒரு பக்கம் போலாம்."

"வேணாம். நீ கையில ஒரு டஜன் முட்டைய வச்சிருக்க. சர்ச் பக்க வாசல்ல சீஸ் ருசி பாக்க அடிதடி நடக்குது. பெரிய தெரு வாசல்ல நீ தின்ன தாலோவுக்கு வரிசை. எந்த வழியாப் போவ?"

பெயோ ஏற்கெனவே ஆற்றுப் பக்கம் ஓடத் தொடங்கியிருந்தான்.

*

பாலத்தின் நடுவில் அவளைப் பிடித்தார்கள். அறுபது வயதிருக்கும். மஞ்சள் மழைக்கோட்டு, கையில் பிரம்புக் கூடை. மூன்று பேர் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்ததும் கூடையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் பெயர் மோராக். ஸ்காட்லாந்தின் ஏதோ ஒரு தீவு. அவளுடைய ஸ்பானிஷ் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே எழுந்து வந்தது.

"நான் திருடவில்லை," என்றாள், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே. "நான் கொய்தேன். அது தவறெனில் நான் உரிய தொகையைச் செலுத்துகிறேன்."

"நாங்க போலீஸ் இல்ல," என்றாள் கார்மேலே.

"பின் ஏன் ஓடி வந்தீர்கள்?"

"அம்மையீர், நாங்கள் காளானைத் தேடவில்லை," என்றான் பெயோ அதே பாணியில், மூச்சு வாங்க. "காளான் விற்ற பெரியவரைத் தேடுகிறோம். அவரைக் காணவில்லை."

மோராக்கின் முகம் மாறியது. "அந்த அன்பான முதியவரையா?"

"அவர் உங்ககிட்ட, எங்க பறிக்கறேன்னு சொன்னாரா?" லெய்ரே அவள் கையைப் பற்றிக்கொண்டாள். முட்டைகள் குலுங்கின. "ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. எந்த இடம்?"

"ஞாபகப்படுத்த என்ன இருக்கிறது? அர்ரிகோரி."



லெய்ரே கையை விட்டாள். பாலத்தின் சுவரில் முதுகு சாய்த்து அப்படியே கீழே உட்காரப் போனவளைப் பெயோ பிடித்துக்கொண்டான். "உங்ககிட்டயும் அதே பொய்தான் சொல்லியிருக்காரு," என்றாள். "போற போக்குல வந்த ஒரு ஆள்கிட்டகூட உண்மையச் சொல்லல. அவ்வளவுதான் மேடம். முடிஞ்சுது."

"பொய்யா?" மோராக் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "என்ன பொய்? நான் விசாரித்தேன். அவர் அர்ரிகோரி என்றார். ஞாயிற்றுக்கிழமை நான் அர்ரிகோரிக்குப் போனேன். அங்கேதான் காளான் இருந்தது."

லெய்ரே சுவரை விட்டு நிமிர்ந்தாள்.

"முதலில் நானும் காணவில்லை," என்று அவள் தொடர்ந்தாள். கன்னம் சிவந்தது. "அங்கே வெறும் கல்லும் முட்புதரும்தான். திரும்ப நினைத்தேன். ஆனால் ஓர் அவசரத்தின் பொருட்டு நான் புதருக்குப் பின்னால் செல்ல நேர்ந்தது. அமர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது. முள்ளுக்கு அடியில், வட்டமாக, நிறைய."

பெயோ வாயைத் திறந்தான். கார்மேலே அவனைப் பார்க்காமலேயே, "ஒரு வார்த்த பேசின, வேலைய விட்டுத் தூக்கிடுவேன்," என்றாள். பிறகு தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டாள். "என் கணக்கு பாதி தப்பு. வெளியூர்க்காரிகிட்ட மட்டும் உண்மையச் சொன்னாருன்னு நினைச்சேன். அவர் யார்கிட்டயுமே பொய் சொல்லல. இத்தன வருஷமும் எல்லார்கிட்டயும் உண்மையத்தான் சொல்லிட்டு இருந்திருக்காரு. ஊரே பொய் சொல்ற இடத்துல உண்மையச் சொன்னா, அதவிடப் பெரிய பூட்டு கிடையாது. நம்பினது இந்தம்மா ஒருத்தங்கதான். ஏன்னா இவங்களுக்கு இங்கத்திய வழக்கம் தெரியாது."

லெய்ரேயின் கண் முன்னால் சிகோரின் வரைபடம் நின்றது. எல்லா மலையிலும் பென்சில் கோடு. ஒரே ஒரு வெள்ளைத் திட்டு. அதை விட்டுவிடச் சொன்னவள் அவள்.

ஓடும்போதே சிகோருக்குப் போன் போட்டாள்.

"அர்ரிகோரியா?" சிகோரின் குரலில் பரிவு இருந்தது. "லெய்ரே, கண்ணு, நீ தூங்கல. ராத்திரிக்குள்ள பீச் காட்ட முடிக்கணும். இல்லாத இடத்துக்கு நான் எப்படி ஆள் அனுப்பறது?"

"அங்கதான்னு அப்பாவே சொன்னாரு!"

"அதத்தாம்மா நானும் சொல்றேன்."

*

கார்மேலேயின் கார் குவாரியின் துருப்பிடித்த கதவு வரை போயிற்று. அதற்கு மேல் நடைதான். மூடுபனி ஆளுயரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மோராக் முன்னால் போனாள். மஞ்சள் கோட்டு தெரியும், மறையும், தெரியும். முட்டைக்கூடையை அவள் காரில் விடவில்லை. விட்டால் உடையும் என்றாள்.

"இங்கே," என்றாள்.

முட்புதருக்கு அடியில் புல் கரும்பச்சையாக ஒரு வளையம் போட்டிருந்தது. மண்ணுக்குள் அந்த வெள்ளை நூல் ஓடுகிற இடத்தில் புல் இப்படித்தான் கறுக்கும். வளையத்தில் கத்தியால் நறுக்கிய அடித்தண்டுகள் இருந்தன. கார்மேலே குனிந்தாள். ஒரு பக்கத்துத் தண்டுகள் காய்ந்து பழுப்பாகியிருந்தன. மறு பக்கத்தில் இன்னும் வெளுப்பு மாறவில்லை.

"காஞ்சது உங்களோடது. இது நேத்து வெட்டினது."

"அப்பா!" லெய்ரே கத்தினாள். "அப்பா!"

குவாரிச் சுவர் அந்தக் குரலைத் திருப்பிக் கொடுத்தது. வேறு பதில் இல்லை. மறுபடி கத்தினாள். பெயோவும் கத்தினான். கார்மேலே பள்ளத்தின் விளிம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். மேலே எங்கோ வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, நண்பகல்கூட ஆகாமலே.

பிறகு லெய்ரே வேறு மாதிரி நின்றாள். கால்களை அகட்டி, மூச்சை அடிவயிறு வரை இழுத்து, அந்தக் கூவலை விட்டாள். மலைக்கு மலை செய்தி சொல்ல இங்கே ஆடு மேய்ப்பவர்கள் விடுகிற கூவல். தாழத் தொடங்கி, நடுங்கி நடுங்கி ஏறி, உச்சியில் சிரிப்பு மாதிரி உடையும். ஒவ்வொருவர் கூவலும் வேறு. லெய்ரேக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அவளுடைய அப்பா.

எதிரொலி அடங்கியது.

பின்பு, குவாரி விளிம்புக்குக் கீழேயிருந்து, கிழிந்த துணி மாதிரி ஒரு கூவல் ஏறி வந்தது.

கல்லைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார்கள். இமானோல் ஒரு பாறைத் திட்டில் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. உதடு நீலம். மேலே வெறும் சட்டை. அவருடைய மழைக்கோட்டு பக்கத்தில் இருந்த காளான் கூடையைப் பத்திரமாகப் போர்த்தியிருந்தது.

"எத்தன பேர் வந்திருக்கீங்க?" அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அப்பா, கூப்பிட்டப்ப ஏன் பதில் சொல்லல?" லெய்ரே வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த மாத்திரையை அவர் வாயில் திணித்தாள்.

"கூப்பிட்டா? யாரு என்னன்னு தெரியாம எப்படி வாயத் திறக்கறது? காலைல ஆடு ஓட்டிட்டு ஒருத்தன் மேல போனான். மூச்சே விடலியே நான்."

"செத்துப் போயிருப்பீங்க!"

"செத்திருந்தா இடம் யாருக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார் இமானோல். அவள் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டதும் மேற்கொண்டு சொல்ல வந்ததை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அவள் தலையைத் தடவினார்.

பெயோ தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போட்டான். கார்மேலே மாகாண அவசர எண்ணுக்குப் பேசினாள். மூடுபனி கலைகிறது, கஸ்தேய்ஸ் நகரத்திலிருந்து ஹெலிகாப்டர் கிளம்ப முடியும் என்றார்கள்.

"நேத்து வந்து பாத்தா யாரோ என் வளையத்துல பாதிய அறுத்திருக்கான்," என்று இமானோல் முனகினார். "யாருன்னு பாக்க விளிம்புல ஒளிஞ்சேன். கல்லு வழுக்கிடுச்சு. அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

பெயோவின் முதுகுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் கோட்டு எட்டிப் பார்த்தது.

இமானோல் வெகுநேரம் அவளைப் பார்த்தார்.

"நீயா?" என்றார். "நான் சொன்னத நம்பிட்டியா?"

"நம்பக் கூடாதா?" என்றாள் மோராக், திகைத்து.

"இத்தன வருஷமா சொல்றேன்." கிழவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் வலித்தது. வலியோடு சிரித்தார். "ஒரு பய நம்பினதில்ல!"

ஹெலிகாப்டரில் அவரை ஏற்றியபோது கூடையை லெய்ரேயின் கையில் திணித்தார். "ஆஸ்பத்திரிக்கு அப்புறமா வா. சந்தை இன்னும் முடியல. இத மேசையில வை."

*

சந்தை கலைகிற நேரத்தில் லெய்ரே கூடையை அந்தக் காலி மேசையில் வைத்தாள். அடுத்த நொடி பாதிச் சந்தை அவளைச் சுற்றி நின்றது. கிடைத்துவிட்டார், உயிரோடு இருக்கிறார், கால் மட்டும்தான் ஒடிந்திருக்கிறது. யோஷேபா அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். நரைமீசைக்காரர் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்தார். மோராக்கின் முட்டைகளை யோஷேபா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றுகூட உடையவில்லை.

பிறகு எல்லார் கண்களும் மெல்லக் கூடையின் பக்கம் இறங்கின.

"அதுசரி," என்றாள் யோஷேபா, ரொம்பச் சாதாரணமாக. "எங்க கிடைச்சாரு?"

கூட்டம் மூச்சைப் பிடித்தது.

லெய்ரே கார்மேலேயைப் பார்த்தாள். கார்மேலே ஆற்றைப் பார்த்தாள். அப்பாவின் ஆயுள்காலச் சொத்து அவளுடைய ஒரு வார்த்தையில் நின்றது.

"அர்ரிகோரியில," என்றாள்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது.

"அப்பன் பொண்ணு!" யோஷேபா அவள் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன்னு சொல்லேன்டி!"

நரைமீசைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். லெய்ரே குனிந்து காளான்களை அடுக்கத் தொடங்கினாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பெயோவுக்குத் தெரியவில்லை.

அப்போது சிகோர் பெயோவின் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். காதில் இன்னும் பென்சில் இருந்தது.

"தம்பி, நீ வெளியூர். உனக்கு இதுல என்ன இருக்கு? நிஜத்தச் சொல்லு. ஹெலிகாப்டர் சத்தம் குவாரிப் பக்கம் கேட்ட மாதிரி இருந்துச்சு. அங்க திரும்பித்தானே வேற பக்கம் போச்சு? எங்க எடுத்தீங்க அவர?"

பெயோ சுற்றுமுற்றும் பார்த்தான். சிகோரின் காதருகில் குனிந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பதிலை எந்த நக்கலும் இல்லாமல் சொன்னான்.

"அர்ரிகோரி. குவாரி விளிம்புக்குக் கீழ. முட்புதருக்குப் பக்கத்துல."

சிகோர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மெல்ல அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"ஒரே நாள்ல," என்றார், "நீயும் எங்க ஊர்க்காரனாயிட்டியே!"